சர்க்கரை நோயுள்ள அம்மாவுக்கு ஃபைப்ரினோஜென் கூடியிருக்கிறது. இசிஜி சரியாக உள்ளது. இதயத்தில் அடைப்பு இருக்குமா?

பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோயுள்ள தங்கள் தாயாருக்கு ஃபைப்ரினோஜென் 460 வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லன்; இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிபவன், இதே நிலையில் என் அம்மாவையும் கவனித்துக்கொண்டவன்.

இரத்தம் உறையும்போது இழை இழையாகத் திரிந்து வலைபோல் பின்னிக்கொள்ளும் புரதமே ஃபைப்ரினோஜென். வழக்கமாக டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை இருக்கும் இது, காய்ச்சல், ஈறு வீக்கம், ஆறாத கால் புண் ஆகியவற்றாலும் ஏறிவிடும் என்பதால், அவையெல்லாம் தீர்ந்த பிறகு ஒருமுறை மறுபடியும் பார்ப்பது நல்லது. சர்க்கரை நோயாளிகளிடம், குறிப்பாக வயிற்றுப் பருமன் உள்ளவர்களிடம், உறைந்த கட்டி கரைவதைத் தடுக்கும் பிஏஐ-1 என்ற புரதமும் பெரும்பாலும் மிகுந்திருக்கும். இரத்தம் உறையும் போக்கை இவை காட்டுமே தவிர, எந்தக் குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதைக் காட்டா.

ஓய்வில் எடுத்த இசிஜியை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். மாடிப்படித் திருப்பத்தில் கைப்பிடியைப் பற்றி நின்று, முந்தானையைச் சரிசெய்வதுபோல் என் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டதை வாயுத் தொல்லை என்றே நாங்கள் நினைத்தோம். நெஞ்சு வலி என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை, இசிஜியிலும் குறையில்லை, ஆஞ்சியோகிராமில் இரண்டு குழாய்களில் அடைப்பு இருந்தது. நரம்புகள் பாதிக்கப்பட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு வலி தெரியாமலே போகலாம். எட்டரை லட்சம் பேரின் தரவுகளைத் திரட்டி 2014இல் வெளிவந்த பகுப்பாய்வில், இதயக் குழாய் நோய்க்கான ஆபத்தைச் சர்க்கரை நோய் ஆண்களுக்கு 2.2 மடங்காகவும் பெண்களுக்கு 2.8 மடங்காகவும் உயர்த்துவது தெரியவந்தது.

ஆகவே டிரெட்மில் போன்ற பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் எளிய சோதனையும் உண்டு, விகிதம் 0.9க்குக் கீழ் இருந்தால் கால் தமனிகள் சுருங்கியிருக்கக்கூடும், அப்படியானால் இதயக் குழாய்களையும் கவனிக்க வேண்டும்.

இரத்தம் உறைகிறதே என்று தாங்களாகவே ஆஸ்பிரின் கொடுத்துவிட வேண்டாம். இதய நோய் வெளிப்படாத சர்க்கரை நோயாளிகள் 15,480 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிடப்பட்ட அசெண்ட் ஆய்வில், அது மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 12 விழுக்காடு குறைத்தது. கடுமையான இரத்தக்கசிவையோ 29 விழுக்காடு கூட்டியது.

மருத்துவரிடம் போகுமுன், சென்ற பொங்கலுக்கு நிற்காமல் ஏறிய படிகளை இப்போதும் அப்படியே ஏற முடிகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். கேட்காமல் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.