மரச்செக்கு எண்ணெய்க் கடை வெப்சைட்டுக்கு டிசைன் அவ்வளவு முக்கியமா?

கேள்வி: மரச்செக்கு எண்ணெய் விற்கும் சின்னக் கடை. வெப்சைட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள், ஆர்டர்தான் வருவதில்லை. டிசைனுக்கு இன்னும் செலவு செய்யலாமா?

செய்யலாம். ஆனால் பேனருக்கும் அனிமேஷனுக்கும் வேண்டாம். எண்ணெய் வாங்க வருகிறவர் பெரும்பாலும் போனில் பார்க்கிறார். என்ன எண்ணெய், லிட்டர் என்ன விலை, நம் ஊருக்கு அனுப்புவார்களா, கூரியருக்கு எவ்வளவு ஆகும்? இந்த நான்குக்கும் பதில் சட்டென்று கிடைத்தால் அதுதான் நல்ல டிசைன்.

முதலில் படங்களைச் சரிசெய்யுங்கள். போனில் எடுத்த போட்டோ 4000 பிக்சல் அகலமும் 3 முதல் 5 எம்பி எடையும் இருக்கும். அதை அப்படியே ஏற்றி, ஐந்து படங்களை ஸ்லைடரில் ஓடவிட்டால் முகப்புப் பக்கமே 20 எம்பியைத் தொடும். செக்கு சுற்றுவதைக் காட்டும் படம் திறப்பதற்குள் வந்தவர் போய்விடுவார். 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவில் சேமித்தால் ஒரு படம் 150 கேபிக்குள் அடங்கும். ஸ்லைடரை எடுத்துவிட்டு, லேபிள் தெளிவாகத் தெரியும் ஒரே ஒரு பாட்டில் படம் வையுங்கள். அந்த முதல் படத்துக்கு மட்டும் லேசி லோடிங் (கீழே நகர்த்தும்போதுதான் படத்தை இறக்கும் வசதி) போடக் கூடாது. போட்டால் முக்கியமான படமே கடைசியில் வரும். படங்களுக்கு அகலம், உயரம் குறிக்காமல் விட்டால் பக்கம் திறக்கும்போது எழுத்துகள் கீழே குதிக்கும், ஒன்றைத் தொடப் போய் இன்னொன்றைத் தொடுவார்கள். பக்கத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் உங்கள் வெப்சைட் முகவரியைக் கொடுத்து, மொபைல் பகுதியைப் பாருங்கள். பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு.

அடுத்தது கூரியர் கட்டணம். எண்ணெய்க் கடைகள் ஆர்டரை அதிகம் இழப்பது இங்கேதான் என்பேன். 1 லிட்டர் எண்ணெய் 910 முதல் 920 கிராம் இருக்கும். பாட்டில், பபிள் ரேப், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்ந்தால் 1 கிலோவைத் தாண்டிவிடும். அரைக் கிலோ படிகளில் கணக்கிடும் கூரியரில் இதற்கு 1.5 கிலோ கட்டணம். அதே 2 லிட்டர் என்றால் பெரும்பாலும் 2.5 கிலோவுக்குள் முடியும், லிட்டருக்கான செலவு குறையும். இதைக் கடைசிப் பக்கத்தில் திடீரென்று காட்டினால், ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்து மூடிவிடுவார்கள். விலைக்குப் பக்கத்திலேயே பின்கோடு பெட்டி வைத்து, ஒரு லிட்டருக்கும் இரண்டு லிட்டருக்கும் என்ன கட்டணம் என்று அங்கேயே காட்டுங்கள். பலர் தாங்களாகவே இரண்டு பாட்டில் எடுப்பார்கள்.

ஆர்டர் படிவத்தில் கணக்குத் தொடங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். பெயர், போன், முகவரி, பின்கோடு போதும். பின்கோடு கட்டத்தைத் தொட்டால் எண் விசைப்பலகை வர வேண்டும். கட்டங்களில் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனில் திரை தானாகப் பெரிதாகி, பக்கம் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். வாட்ஸ்அப் பட்டன் நல்லதுதான், ஆனால் மிதக்கும் அந்தப் பச்சை வட்டம் 'வாங்கு' பட்டன் மேலேயே உட்கார்ந்திருக்கும் சைட்டுகள் நிறைய. சின்ன போனில் திறந்து பார்த்துவிடுங்கள்.

தமிழ் எழுத்துக்கும் தனிக் கவனம் வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால் மற்றவர் போனில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். எழுத்தையே போஸ்டர் படமாக்கி ஏற்றினால் 'நல்லெண்ணெய்' என்று தேடுபவருக்கு உங்கள் பக்கம் அகப்படுவது கடினம். எல்லா போனிலும் தெரியும் யூனிகோடு முறையில் தட்டச்சு செய்து, நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்தா மலர் எழுத்துருவை வையுங்கள். வரி இடைவெளி 1.6 மடங்காவது இருந்தால் மேலே கொம்பும் கீழே சுழியும் முட்டாது.

முகம் தெரியாத கடையில் உணவுப் பொருள் வாங்குகிறவருக்கு நம்பிக்கை வேண்டும். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) எண், கடையின் முழு முகவரி, தொட்டால் அழைக்கும் போன் எண், பாட்டில் உடைந்து வந்தால் என்ன செய்வீர்கள் என்ற விளக்கம், இவை எல்லாப் பக்கத்தின் அடியிலும் கிடைக்க வேண்டும். ஆன்லைனில் விற்பவர் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் விவரம் ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்று 2020-இல் வந்த மின்வணிக விதிகளும் சொல்கின்றன. ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேக்கு விண்ணப்பிக்கும்போதும் ரீஃபண்ட், ஷிப்பிங் பக்கங்களைக் கேட்பார்கள்.

டிசைனருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒன்றை உறுதிசெய்யுங்கள்: டொமைன், அதாவது வெப்சைட் முகவரி, உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறதா? அவர் பெயரில் இருந்தால், நாளை அவர் போனை எடுக்காதபோது முகவரியைப் புதுப்பிக்கக்கூட உங்களால் முடியாது.