கார்டியோ இல்லாமல் எடை குறையுமா? அளவுச் சாப்பாடு குறித்த கேள்வி பதில்

ஓட்டம், வேக நடை, சைக்கிள் போன்ற கார்டியோ பயிற்சிகள் எதுவும் செய்யாமல், உண்ணும் கலோரியை மட்டும் கட்டுப்படுத்தி உடல் எடையைக் குறைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் உணவியல் ஆலோசகர், மருத்துவர் அல்லள். மருந்தை மாற்றுவது பற்றிய கேள்விகளுக்கு என்னிடம் பதில் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி (மதுரை, பள்ளி ஆசிரியை): வயது 38, உயரம் 155 செ.மீ., எடை 72 கிலோ. இரண்டு முழங்காலிலும் தேய்மானம் இருப்பதால் நீண்ட தூரம் நடக்க முடியவில்லை. சாப்பாட்டைக் குறைத்தால் மட்டும் போதுமா மேடம்?

எடை குறைவதற்குப் போதும். உங்கள் எடையுள்ள ஒருவர் 5 கிலோமீட்டர் நடந்தால் கூடுதலாகச் செலவாவது ஏறத்தாழ 200 கலோரி. வீடு திரும்பியதும் சாப்பிடும் இரண்டு மெதுவடை அதை அப்படியே ஈடுகட்டிவிடும். நடைப்பயிற்சி இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் குறைத்த எடையைத் தக்கவைப்பதற்கும் மிகவும் உதவுகிறது என்பதால் அதைத் தேவையற்றது என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் நடக்க முடியாதவர்கள் எடையைக் குறைக்கவே முடியாது என்று எண்ணிச் சோர்ந்துபோவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 1990-இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தின்படி, பெண்களுக்கு எடையை 10-ஆலும் உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, அதிலிருந்து வயதின் ஐந்து மடங்கையும் 161-ஐயும் கழிக்க வேண்டும். உங்களுக்கு ஏறத்தாழ 1,340 வருகிறது. அசையாமல் படுத்திருந்தாலும் உடல் இதைச் செலவழிக்கும். வகுப்பறையில் நிற்பது, வீட்டு வேலை ஆகியவற்றையும் சேர்க்க 1.3-ஆல் பெருக்கினால் 1,740 கலோரி. இது மதிப்பீடுதான், நம்மவர்கள் பலருக்கு உண்மையான செலவு சற்றுக் குறைவாகவே இருக்கிறது. நாளொன்றுக்கு 1,350 கலோரி என்று தொடங்குங்கள். 400 கலோரி பற்றாக்குறை வாரத்துக்கு 2,800 ஆகிறது. ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏறத்தாழ 7,700 கலோரி இருப்பதால், தொடக்கத்தில் மாதம் ஒன்றரை கிலோ குறையும். எடை குறையக் குறைய உடலின் தேவையும் குறைவதால் பிற்பாடு அந்த வேகம் தணியும். நான்காவது மாதத்தில் முதல் மாதத்தைப் போலக் குறையவில்லை என்று கலங்க வேண்டாம்.

இன்னொன்று முக்கியம். உணவை மட்டும் குறைத்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். அதைத் தடுக்க நாளொன்றுக்கு 70 முதல் 80 கிராம் புரதம் உண்ணுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் கிடைக்கும். வேகவைக்காத 50 கிராம் கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 10 கிராம். தோல் நீக்கிய 100 கிராம் கோழி நெஞ்சுக்கறியில் 22 கிராம். சாம்பாரில் மிதக்கும் பருப்பை மட்டும் நம்பினால் இந்த அளவை எட்ட முடியாது. அத்துடன், நாற்காலியில் அமர்ந்தபடி ஒவ்வொரு காலாக நீட்டி ஐந்து எண்ணும் வரை நிறுத்துவதையும், தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைக் கைகளால் தூக்கி இறக்குவதையும் இயன்முறை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். இவை கார்டியோ ஆகமாட்டா. தசையைக் காக்கும் பயிற்சிகள்.

கேள்வி (ஈரோடு): காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் கொழுப்பு கரையுமா?

கரையாது. ஒரு மேசைக்கரண்டி தேனில் ஏறத்தாழ 60 கலோரி இருக்கிறது.

கேள்வி (கோயம்புத்தூர், 52 வயது ஆண்): பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கிளிமிபிரைடு மாத்திரையும் இரவில் இன்சுலினும் எடுக்கிறேன். நாளை முதல் 1,000 கலோரிக்கு இறங்கலாமா?

தயவுசெய்து நாளை முதல் தொடங்காதீர்கள். நீங்கள் எடுக்கும் இரண்டு மருந்துகளுமே, உணவு திடீரென்று குறைந்தால் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்தக்கூடியவை. பிரிட்டனில் ராய் டெய்லர், மைக் லீன் ஆகியோர் நடத்தி 2017-இல் வெளியிட்ட ‘டைரக்ட்’ ஆய்வில், தொடக்கத்தில் சில மாதங்கள் நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி மட்டுமே உண்டவர்களில் 46 விழுக்காட்டினருக்கு ஓராண்டு முடிவில் சர்க்கரை நோய் தணிந்த நிலையில் இருந்தது. அந்தத் தொடக்கக் கட்டத்தில் அவர்கள் உடற்பயிற்சியைக் கூட்டவும் இல்லை. இந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் பலர் தாங்களாகவே பட்டினியில் இறங்குகிறார்கள். அவர்களுடைய சர்க்கரை மாத்திரைகள் மருத்துவர் பொறுப்பில் முதல் நாளே நிறுத்தப்பட்டன என்பதும், இன்சுலின் எடுப்பவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை என்பதும் அந்தச் செய்தியோடு வந்து சேர்வதில்லை. முதலில் மருத்துவரைப் பாருங்கள். மருந்தின் அளவை அவர் மாற்றிய பிறகு உணவைப் பேசுவோம்.

கேள்வி (சென்னை, வங்கி ஊழியர்): மூன்று மாதங்களாக 1,200 கலோரிக்கு மேல் சாப்பிடுவதே இல்லை. எடை அசையவில்லை. உடல் ‘பட்டினி நிலைக்கு’ப் போய்விட்டதால்தான் குறையவில்லை என்கிறார்களே, உண்மையா?

உணவு குறையும்போது உடல் தன் செலவைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்வது உண்மை. எடையே குறையாத அளவுக்குச் சுருக்கிக்கொள்வது நடப்பதில்லை. 1944–45-இல் ஆன்செல் கீஸ் மின்னசோட்டாவில் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தபோது, அவர்களுடைய உடற்செலவு வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் எடையில் ஏறத்தாழ கால் பங்கு போய்விட்டது.

உங்களைப் போலவே 1,200 கலோரிக்குள் உண்டும் குறையவில்லை என்று சொன்னவர்களை நியூயார்க்கில் ஆராய்ந்து 1992-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் தாம் உண்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்தும், உடலுழைப்பை 51 விழுக்காடு கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்களுடைய உடலின் எரிசக்திச் செலவில் குறை ஏதும் இல்லை. அவர்களைப் பொய்யர்கள் என்று நான் நினைக்கவில்லை, உங்களையும் அப்படி நினைக்கவில்லை. கண்ணால் அளக்கும் எவருக்கும் இப்படித்தான் நேரும்.

எனக்கும் நேர்ந்தது. தோசைக்குச் சில சொட்டு எண்ணெய்தான் விடுகிறேன் என்று நானே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். ஒருநாள் எண்ணெய்ப் பாட்டிலைச் சமையல் தராசில் வைத்தேன்: 612 கிராம். வழக்கம்போல மூன்று தோசை வார்த்துவிட்டு மீண்டும் வைத்தேன்: 588. கல்லைத் துடைக்க விட்டது, ஓரத்தைச் சுற்றி விட்டது, திருப்பிப் போட்டபின் நடுவில் விட்டது எல்லாம் சேர்ந்து 24 கிராம். அதாவது 216 கலோரி. மாவையும் சட்னியையும் இன்னும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. முற்றிய தேங்காய் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி தரும் என்பதால் சட்னியும் சிறிய கணக்கு இல்லை.

நீங்கள் வீட்டு மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். நான்கு பேர் இருக்கும் வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்றால், தலைக்கு ஒரு லிட்டர். அது ஏறத்தாழ 8,200 கலோரி, நாளொன்றுக்கு 270. இதோடு காபியையும் எண்ணுங்கள். நீலப் பாக்கெட் பால் 100 மில்லியும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையும் சேர்ந்த ஒரு டம்ளர் காபி 100 கலோரிக்குக் குறையாது. ஆரஞ்சுப் பாக்கெட் என்றால் இன்னும் கூடும். மாலையில் ஒரு கைப்பிடி மிக்சர் 150 கலோரி. இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்து எழுதுங்கள். அதன் பிறகும் எடை அசையாவிட்டால் தைராய்டு பரிசோதனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி (சேலம்): கலோரிக் கணக்கே பொய். உணவை அடுப்பில் எரித்து அளந்த எண்ணை உடலுக்குப் பொருத்துகிறீர்கள். மாவுச்சத்தும் அதனால் சுரக்கும் இன்சுலினும்தான் எடை கூடக் காரணம். சோறு போன்ற மாவுச்சத்து உணவுகளைத் தவிர்க்கும் பேலியோ உணவில் கலோரியை எண்ணாமலே 14 கிலோ குறைத்தேன். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

14 கிலோ குறைந்ததற்கு முதலில் என் வாழ்த்துகள். எரித்து அளந்த எண்ணை அப்படியே பயன்படுத்துகிறார்கள் என்பது சரியில்லை. அமெரிக்காவின் வில்பர் ஆட்வாட்டர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், மனிதர்களை நாட்கணக்கில் ஓர் அளவை அறைக்குள் தங்கவைத்து, அவர்கள் உண்டதையும் கழித்ததையும் வெளியிட்ட வெப்பத்தையும் அளந்தார். ஒரு கிராம் புரதத்தை எரித்தால் 5.65 கலோரி கிடைக்கும். செரிக்காமல் போவதையும் சிறுநீரில் போவதையும் கழித்துத்தான் 4 என்று கொண்டார். மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்பதும் அவ்வாறே வந்தவை.

மாவுச்சத்தா, கொழுப்பா என்ற வழக்குக்கும் ஒரு நல்ல சோதனை உண்டு. ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குக் கொழுப்பையும் மற்றவருக்கு மாவுச்சத்தையும் குறைத்து, 12 மாதம் கவனித்து 2018-இல் வெளியிட்டார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஒருவர் உடலில் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதை வைத்து அவருக்கு எது பொருந்தும் என்று கணிக்கவும் முடியவில்லை.

உங்களுக்கு ஏன் குறைந்தது? சோறு, இட்லி, தோசை, பிஸ்கட், இனிப்பு எல்லாம் ஒரே நாளில் தட்டிலிருந்து போய்விட்டன. புரதம் கூடியதால் பசி அடங்கியது. நீங்கள் எண்ணவில்லை, ஆனாலும் உண்ட கலோரி குறைந்துவிட்டது.

கேள்வி (மீண்டும் சேலம்): அப்படியானால் பண்டம் எதுவானாலும் அளவு குறைந்தால் போதும், கேக் சாப்பிட்டும் இளைக்கலாம் என்கிறீர்களா?

எடை குறையும். கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ஹாப் 2010-இல் கிரீம் கேக், பிஸ்கட் போன்றவற்றைப் பெரும்பங்காக வைத்து, 1,800 கலோரிக்குள் பத்து வாரம் உண்டு, 12 கிலோ குறைத்துக் காட்டினார். அவரும் அதைப் பரிந்துரைக்கவில்லை, நானும் பரிந்துரைக்கவில்லை. எடை எவ்வளவு குறையும் என்பதைக் கலோரி முடிவு செய்கிறது. குறைவது தசையா கொழுப்பா, பசி தாங்குமா, சத்துக் குறைவு வருமா என்பதை உணவின் தன்மை முடிவு செய்கிறது. பேலியோ உங்களுக்குப் பொருந்தியிருந்தால் தொடருங்கள். ஆண்டுக்கு இருமுறை கொலஸ்ட்ராலைப் பரிசோதியுங்கள். சோற்றை விட மனமில்லாத என் மதுரை ஆசிரியைக்கு, சோறு உண்டால் இளைக்கவே முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): சோறு உண்ணலாம் என்றால் எவ்வளவு?

வேகவைக்காத அரிசியாக நிறுத்தால் 75 கிராம், ஒரு வேளைக்கு. ஏறத்தாழ 260 கலோரி. அரிசியின் கணக்கைச் சோற்றுக்குப் போட்டுக் குழம்புபவர்கள் நிறையப் பேர். 100 கிராம் அரிசி 350 கலோரி; 100 கிராம் சோறு 130 கலோரி மட்டுமே.

கேள்வி (நெல்லை): இரவில் சோறு உண்டால் அப்படியே கொழுப்பாகிவிடும் என்பது சரியா?

நாளின் மொத்த அளவு கூடாதவரை ஆகாது.

கேள்வி (கரூர்): கொள்ளு ரசம் குடித்தால் போதுமா? கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழியே இருக்கிறதே.

கேள்வி (வேலூர்): எலுமிச்சைச் சாறும் தேனும் கலந்து குடித்தால்?

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஈரோட்டுக்காரருக்கு மேலே எழுதியதைப் படியுங்கள். கொள்ளு புரதமும் நார்ச்சத்தும் உள்ள நல்ல பயறு; நிறுத்துச் சுண்டலாக்கி உண்ணுங்கள். உடலில் உள்ள கொழுப்பைக் கரைத்து வெளியேற்றும் பானம் எதுவும் இல்லை. இதே கேள்வி இன்னும் பலரிடமிருந்து வந்திருக்கிறது. அவர்களுக்கும் இதுவே பதில்.

கேள்வி (திருச்சி): முதல் வாரம் 3 கிலோ குறைந்தது. இரண்டாம் வாரம் 200 கிராம்கூடக் குறையவில்லை. எங்கே தவறு?

தவறு எங்கும் இல்லை. உடல் சேமித்துவைக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கிறது. உணவு குறைந்ததும் அந்தச் சேமிப்பு தீர்ந்து நீர் வெளியேறியதுதான் முதல் வாரத்தின் பெரும்பகுதி. ஊறுகாய், அப்பளம் உண்ட மறுநாளும் பெண்களுக்கு மாதவிடாய் நெருங்கும் நாட்களிலும் நீர் தங்கி எடை கூடிக் காட்டும். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பார்த்து, ஏழு நாட்களின் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி (ஓசூர்): எனக்கு வயிறு மட்டும் குறைந்தால் போதும்.

இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கொழுப்பைக் குறைக்க முடியாது. ஆனால் இடுப்புச் சுற்றளவை மாதம் ஒருமுறை அளந்துவாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது இந்தியர்களுக்கான எல்லை.

கேள்வி (புதுச்சேரி): என் மகளுக்கு 15 வயது. அவளுக்கும் 1,200 கலோரித் திட்டம் எழுதித் தருவீர்களா அம்மா?

எழுதித் தரமாட்டேன். வளரும் வயதில் கலோரியை எண்ணவைப்பது உணவின் மீது அச்சத்தை உண்டாக்கலாம். குழந்தை நல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கருவுற்றிருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் இந்தக் கணக்கைத் தங்களுக்குப் போட வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடங்க வேண்டாம் என்பதை இங்கும் ஒருமுறை எழுதிவைக்கிறேன்.

கேள்வி (காரைக்குடி): தராசு வாங்குவதற்கு முன் ஒரு சந்தேகம். எந்த வகை வாங்க வேண்டும்? குழம்பை எப்படி நிறுப்பது?

ஐந்து கிலோ வரை தாங்குவதாகவும், ஒரு கிராம் வரை காட்டுவதாகவும் உள்ள மின்னணுத் தராசு போதும். காலிப் பாத்திரத்தை வைத்து, அளவைச் சுழியத்துக்குக் கொண்டுவரும் ‘டேர்’ பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குழம்புக்குப் போகும் எண்ணெய், பருப்பு, தேங்காய் மூன்றையும் சட்டியில் இடும்முன் நிறுத்துக்கொள்ளுங்கள். புளிக்கும் மிளகாய்த்தூளுக்கும் கணக்கு வேண்டாம். குழம்பு ஆனதும் சட்டியோடு நிறுத்து, காலிச் சட்டியின் எடையைக் கழியுங்கள். மொத்தம் 900 கிராம் வந்து, உங்கள் கிண்ணத்தில் 150 கிராம் ஊற்றினால், உங்கள் பங்கு ஆறில் ஒன்று. காலிச் சட்டியின் எடையை அதன் அடியிலேயே பெயின்டால் எழுதிவிடாதீர்கள், அடுப்பில் கருகிவிடும். சமையலறைச் சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்.