லேசருக்குப் பணம் கட்டும் முன் ஓர் இரத்தப் பரிசோதனை

கேள்வி: எனக்கு வயது 22. உயரம் 158 செ.மீ., எடை 70 கிலோ. பிளஸ் டூ படிக்கும்போது மேலுதட்டில் தொடங்கிய முடி இப்போது தாடையிலும் அதற்குக் கீழே கழுத்திலும் கறுப்பாக, முரடாக வளர்கிறது. தொப்புளுக்குக் கீழேயும் கோடு போல இருக்கிறது. முன்கைகளிலும் முடி அதிகம். மாதவிடாய் 45 முதல் 50 நாள்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. இரண்டு வருடமாகப் பார்லரில் த்ரெட்டிங் செய்து தாடையெங்கும் கரும்புள்ளிகள் விழுந்துவிட்டன. ஷேவ் செய்தால் இன்னும் தடிப்பாக முளைக்கும் என்று சொல்லி அம்மா ரேஸரைத் தொட விடுவதில்லை. வரும் தையில் எனக்குத் திருமணம் வைக்கலாம் என்று வீட்டில் பேசுகிறார்கள். இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. ஆறு முறை லேசர் செய்துகொண்டால் முடி நிரந்தரமாகப் போய்விடும் என்று ஒரு கிளினிக்கில் பேக்கேஜ் சொல்கிறார்கள். பணம் கட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம். லேசர் பயனற்ற சிகிச்சை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் முடியைப் பற்றிய வரிகளை விட மாதவிடாயைப் பற்றிய அந்த ஒற்றை வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தாடையில் முரட்டு முடியும் 45 நாள் தள்ளிப்போகும் மாதவிடாயும் ஒரே பெண்ணிடம் சேர்ந்து காணப்பட்டால், அவருடைய உடலில் ஆண்ட்ரோஜன் என்னும் ஆண் ஹார்மோன் தேவைக்கு மேல் சுரக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது குறையாதவரை, லேசர் சுட்டழித்த மயிர்க்காலுக்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய முடி அடுத்த தடித்த முடியாக மாறிக்கொண்டேதான் இருக்கும். நீங்களும் அடுத்த பேக்கேஜுக்குப் பணம் கட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

பெண்களின் முகம் மொழுமொழுவென்று முடியே இல்லாதது போலத் தெரிந்தாலும், அங்கும் ஆண்களின் முகத்தைப் போலவே மயிர்க்கால்கள் உண்டு. அவற்றில் முளைப்பது நாம் பூனை முடி என்று சொல்லும் நிறமற்ற மெல்லிய முடி. ஆண்ட்ரோஜன் கூடும்போது, அல்லது அதன் அளவு சரியாகவே இருந்தும் மயிர்க்கால் அதற்கு அளவுக்கு மீறி இசைந்துகொடுக்கும்போது, அதே மயிர்க்கால் பருத்துக் கறுத்த முடியை உண்டாக்கத் தொடங்குகிறது. ஆண்களுக்கு முடி வளரும் இடங்களில் பெண்களுக்கு இப்படி வளர்வதையே மருத்துவத்தில் ஹிர்சுடிசம் என்கிறோம். பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் ஏறத்தாழ 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு இது உண்டு. ஒருமுறை தடித்துவிட்ட முடி, ஹார்மோன் சரியான பிறகும் தானாக முழுமையாகப் பூனை முடியாகத் திரும்புவதில்லை. அதனால்தான் மருந்தும் முடி நீக்கமும் சேர்ந்தே நடக்க வேண்டியிருக்கிறது.

முன்கை முடியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஃபெரிமன், கால்வே என்ற இருவர் 1961இல் வகுத்த மதிப்பெண் முறையின் திருத்திய வடிவத்தையே மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறோம். மேலுதடு, தாடை, மார்பு, மேல்வயிறு, அடிவயிறு, மேல்முதுகு, கீழ்முதுகு, மேற்கை, தொடை என்று 9 இடங்களுக்குத் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுவார்கள். முன்கையும் முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியும் அந்தக் கணக்கிலேயே இல்லை. அங்கே முடி அடர்ந்திருப்பது பெரும்பாலும் குடும்ப வாகு. உங்கள் அத்தையின் கையையோ பெரியம்மாவின் கையையோ பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

இனிக் காரணம். ஹிர்சுடிசத்தோடு வரும் பெண்களில் நான்கில் மூன்று பங்கினருக்குப் பிசிஓஎஸ் என்னும் சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு இருக்கிறது. நம் ஊரில் இதைப் பிசிஓடி என்றும், நீர்க்கட்டி என்றும் சொல்கிறார்கள். கட்டி என்ற சொல் எத்தனை வீடுகளில் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்பதை நான் தினமும் பார்க்கிறேன். ஸ்கேனில் தெரிபவை கட்டிகள் அல்ல. முழுதாக வளர்ந்து வெடிக்காமல் பாதியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள். அறுவை செய்து அகற்ற அங்கே எதுவும் இல்லை. இதன் அடியில் பல பெண்களுக்கு இருப்பது இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை. அதை ஈடுகட்ட உடல் கூடுதலாகச் சுரக்கும் இன்சுலின், சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜனைக் கூட்டுவதோடு, இரத்தத்தில் அதைப் பிடித்துவைக்கும் புரதத்தையும் குறைத்துவிடுகிறது. பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து வெல்வெட் போலத் தடித்திருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். அது அழுக்கும் இல்லை, செயின் உரசியதும் இல்லை. தேய்த்துக் குளித்தாலும் போகாது. இன்சுலின் கோளாறு தோலில் எழுதிவைக்கும் குறிப்பு அது.

பரிசோதனைக்குச் செல்லும்போது சிலவற்றைக் கவனியுங்கள். மாதவிடாய் தொடங்கிய 2ஆம் நாளிலிருந்து 5ஆம் நாளுக்குள், காலை வேளையில் இரத்தம் கொடுப்பது நல்லது. ஆண்ட்ரோஜன்களில் ஒன்றான டெஸ்டோஸ்டிரோனின் மொத்த அளவு, அதைப் பிடித்துவைக்கும் புரதமான எஸ்எச்பிஜி, தைராய்டுக்கான டிஎஸ்எச், புரோலாக்டின், 17 ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் ஆகியவற்றோடு, குளுக்கோஸ் குடித்தபின் பார்க்கும் சர்க்கரை அளவும் கொழுப்பின் அளவும் தேவைப்படும். கடைசியாகச் சொன்ன ஹார்மோன் பரிசோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அட்ரீனல் சுரப்பியில் பிறவியிலேயே இருக்கும் ஒரு நொதிக் குறைபாடு அச்சு அசலாகப் பிசிஓஎஸ் போலவே தோன்றும். அதைப் பிரித்துக் காட்டுவது இந்தப் பரிசோதனைதான். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், சில நாள்கள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள். அது இரத்தத்தில் இருந்தால் ஹார்மோன் அளவுகளைத் தவறாகக் காட்டக்கூடும். ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒழுங்கற்ற மாதவிடாயும் ஹிர்சுடிசமும் இரண்டுமே இருந்து, மற்றக் காரணங்கள் இல்லையென்று உறுதியானால், 2023இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதலின்படி ஸ்கேன் இல்லாமலே பிசிஓஎஸ் என்று முடிவு செய்யலாம்.

உங்களுக்கு முடி ஐந்து ஆண்டுகளாக மெல்ல மெல்லக் கூடியிருக்கிறது; அது ஆறுதல் தரும் செய்தி. சில மாதங்களுக்குள் திடீரென்று முடி பரவுவது, குரல் தடிப்பது, முன்னந்தலையில் வழுக்கை விழுவது போன்றவை இருந்தால் சினைப்பையிலோ அட்ரீனலிலோ கட்டி இருக்கிறதா என்று தாமதமின்றிப் பார்த்தாக வேண்டும். இவை அரிதானவை.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. முகம் வெளுக்க மருந்துக்கடையில் வாங்கிய களிம்பு எதையாவது தடவுகிறீர்களா? அவற்றில் பல, ஸ்டீராய்டு கலந்தவை. முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, சிவந்து, பருவும் முடியும் முளைக்கும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருந்துச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று இந்திய அரசு 2018இல் அறிவித்தது. ஆனாலும் தெருமுனைக் கடையில் கேட்டால் இன்னும் கிடைக்கிறது.

அம்மாவிடம் தயவுசெய்து சொல்லுங்கள்: ஷேவ் செய்வதால் முடி தடிப்பதும் இல்லை, அதிகமாவதும் இல்லை. 1928லேயே இதைச் சோதித்துப் பார்த்து எழுதிவிட்டார்கள். பிளேடு தோலுக்கு மேலே இருக்கும் உயிரற்ற பகுதியைத்தான் வெட்டுகிறது. முடியைத் தீர்மானிக்கும் மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. வெட்டப்படாத முடியின் நுனி கூராக இருக்கும், வெட்டிய முடியின் நுனி மொட்டையாக இருக்கும். அந்த மொட்டை நுனி விரலில் சொரசொரவென்று படுவதால்தான் தடித்துவிட்டது போலத் தோன்றுகிறது.

இதை என் அறையில் நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். முகக்கவசத்தோடு ஒரு பெண் உள்ளே வருவார். கழற்றச் சொன்னால் முதலில் அம்மாவைப் பார்ப்பார்; பிறகு கழற்றிவிட்டுக் கையால் தாடையை மூடிக்கொள்வார். ஜன்னலோரம் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், முடியை விட அதைப் பிடுங்கிய தடங்களே கூடுதலாக இருக்கும்: வெளியே வர வழியின்றித் தோலுக்குள்ளேயே சுருண்டுகொண்ட முடிகள், அவற்றைச் சுற்றிச் சின்னச் சின்னப் புண்கள், ஆறிய புண்களின் கரும்புள்ளிகள். நம்முடைய மாநிறத் தோலில் எந்தக் காயமும் கறுப்பாகத்தான் ஆறும். உங்கள் தாடையிலும் நடந்திருப்பது இதுவே. ஆகவே தாடையில் த்ரெட்டிங்கையும் ட்வீசரையும் இன்றோடு நிறுத்திவிட்டு, சோப்பு நுரையோ ஜெல்லோ தடவி, முடி வளரும் திசையிலேயே, புதிய பிளேடால் ஷேவ் செய்யுங்கள். ஆறு மாதத்தில் கரும்புள்ளிகள் பாதியாவது மங்கும். பகலில் சன்ஸ்கிரீன் தடவினால் இன்னும் விரைவாக மங்கும். மேலுதட்டு முடிக்கு ப்ளீச் போதும், காதோரம் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பிறகு. குப்பைமேனி இலையையும் கஸ்தூரி மஞ்சளையும் அரைத்துப் பூசும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பூனை முடியில் ஏதோ சிறிது பயன் இருப்பதாகச் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தாடையில் முரட்டு முடியை அது ஒன்றும் செய்யாது, புண்ணாக இருக்கும் தோலில் எரிச்சலைத்தான் தரும்.

பிசிஓஎஸ் உறுதியானால் முடிக்காக முதலில் கொடுக்கப்படுவது கருத்தடை மாத்திரை. திருமணமாகாத பெண்ணின் கைப்பையில் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு வீட்டில் ரகளை நடந்த கதைகள் என்னிடம் ஏராளம். இங்கே அது கருத்தடைக்காகக் கொடுக்கப்படுவதில்லை. சினைப்பை சுரக்கும் ஆண்ட்ரோஜனைக் குறைக்கிறது, பிடித்துவைக்கும் புரதத்தைக் கூட்டுகிறது, மாதவிடாயையும் ஒழுங்குபடுத்துகிறது. இரத்தம் உறையும் கோளாறு, உயர் இரத்த அழுத்தம், கண்ணில் மின்னல் வெட்டுவது போல் தொடங்கும் ஒற்றைத் தலைவலி ஆகியவை உள்ளவர்களுக்கு ஒத்துவராது என்பதால், தோழி சாப்பிடுகிறாள் என்று நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. ஆறு மாதத்தில் போதிய மாற்றம் இல்லையென்றால், ஆண்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் என்ற மருந்தைச் சேர்ப்பார்கள். இந்த மருந்தைச் சாப்பிடும்போது கரு உண்டானால், ஆண் கருவின் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படக்கூடும். எனவே திருமணம் நெருங்கும் நிலையில் இதைப் பற்றி மருத்துவரிடம் வாய்விட்டுப் பேசியாக வேண்டும். மெட்ஃபார்மின் சர்க்கரைக்கும் மாதவிடாய்க்கும் உதவுமே தவிர, முடிக்காக அதை நம்ப வேண்டாம். எந்த மாத்திரையானாலும் ஆறு மாதத்துக்கு முன் பலன் கண்ணுக்குத் தெரியாது. ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கும் முடி தன் சுற்றை முடித்து உதிர்ந்து, அடுத்த முடி மெலிந்து வர அவ்வளவு காலம் பிடிக்கும். இரண்டே மாதத்தில் ‘கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடுபவர்களே அதிகம்.

உங்கள் எடையில் 5 சதவீதம், அதாவது மூன்றரை கிலோ குறைந்தாலே மாதவிடாய் நெருங்கி வருவதைப் பல பெண்களிடம் பார்க்கலாம். முடியில் அதன் பலன் சிறிதளவே இருக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

லேசருக்கு வருவோம். லேசர் ஒளி முடியிலுள்ள கருநிறமியில் பாய்ந்து வெப்பமாகி மயிர்க்காலைச் சுடுகிறது. நம் தோலிலும் அதே நிறமி இருப்பதுதான் சிக்கல். தவறான கருவியைத் தவறான அளவில் வைத்தால் தோல் வெந்துவிடும். மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசரே பாதுகாப்பானது. 810 நானோமீட்டர் டயோடும் அனுபவமுள்ளவர் கையில் சரிதான். சில இடங்களில் லேசர் என்று சொல்லி ஐபிஎல் என்னும் வேறொரு ஒளிக்கருவியை வைத்திருப்பார்கள். அது நம் நிறத்துக்கு ஏற்றதல்ல. ஆகவே கருவியின் பெயர் என்ன, தோல் மருத்துவர் உடனிருப்பாரா, முதலில் சிறிய இடத்தில் சோதித்துப் பார்ப்பார்களா என்ற மூன்றையும் கேளுங்கள். பதிலில் தடுமாற்றம் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ‘நிரந்தர நீக்கம்’ என்ற சொல்லையும் நம்ப வேண்டாம். லேசர் தருவது நீண்டகாலக் குறைப்பு மட்டுமே, ஆண்டுக்கு ஓரிரு முறை மீண்டும் செய்ய வேண்டிவரும். மின் ஊசியால் ஒவ்வொரு மயிர்க்காலாக அழிக்கும் எலக்ட்ராலிசிஸ்தான் நிரந்தரமானது. ஆனால் தாடை முழுவதற்கும் அதைச் செய்து முடிக்க அசாத்தியப் பொறுமை வேண்டும். கன்னத்துப் பூனை முடியில் மட்டும் லேசரைப் பாய்ச்ச விடாதீர்கள். நம்மைப் போன்ற தெற்காசியப் பெண்களுக்கு, அதிலும் ஹார்மோன் கோளாறு உள்ளவர்களுக்கு, முகத்தில் லேசருக்குப் பின் முடி கூடிப்போவதும் உண்டு.

ஏழு மாதத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். இந்த மாதமே பரிசோதனைகளை முடித்து மருந்தைத் தொடங்குங்கள். செலவு சுமையாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவிலும் மகப்பேறு பிரிவிலும் காட்டலாம். இரண்டு மூன்று மாதம் மருந்து போன பிறகு, தாடைக்கும் கழுத்துக்கும் மட்டும் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை லேசர் செய்துகொள்ளலாம். இடையில் ஷேவ் செய்யலாம். பிடுங்கினால் லேசருக்குச் சுடுவதற்கு முடியே இருக்காது. தைக்கு முன் மூன்று அல்லது நான்கு முறைதான் முடியும், மீதி திருமணத்துக்குப் பிறகு. நாள் குறித்தவுடன் தேதியை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நலங்குக்கு முகத்தில் மஞ்சள் பூசுவார்கள் என்பதால், கடைசி லேசர் அதற்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை தாடையை ஷேவ் செய்துகொள்ளுங்கள்.