ஸ்கார்லாட்டியின் கே. 141: ஒலிக்காமல் போகும் சுரங்கள்

வணக்கம். இத்தாலிய இசையமைப்பாளர் டொமெனிகோ ஸ்கார்லாட்டியின் டி மைனர் சொனாட்டாவை (கே. 141, அதாவது கிர்க்பாட்ரிக் பட்டியலில் 141ஆம் எண்) அப்ரைட் பியானோவில் (கம்பிகள் செங்குத்தாக நிற்கும் வகை) வாசிக்கும்போது, வலக்கையில் அடுத்தடுத்து வரும் ஒரே சுரத்தில் சில அடிகள் ஒலிக்காமல் போவதாக எழுதியிருக்கிறீர்கள். குறை முழுவதும் உங்கள் விரல்களுடையது அன்று. கம்பிகள் கிடையாக அமைந்த கிராண்ட் பியானோவில், 1821இல் எரார் என்ற பியானோ நிறுவனம் காப்புரிமை பெற்ற பொறியமைப்பின் வழிவந்த நெம்புகோல், கட்டை முழுதாக எழும்பும் முன்பே சுத்தியலை மறுபடி அடிக்க ஆயத்தமாக்கிவிடும். அப்ரைட்டில் பொதுவாக அது இல்லாததால், கட்டை ஏறக்குறைய முழுவதும் மேலே வந்தால்தான் அடுத்த அடி விழும்.

ஆகவே ஒரே கட்டையில் 3-2-1 (நடுவிரல், ஆள்காட்டி விரல், கட்டைவிரல்) என விரல் மாற்றும்போது ஒவ்வொரு விரலையும் உயரத் தூக்காமல், உள்ளங்கைப் பக்கமாக இழுத்து விலக்குங்கள். மூன்றாம் விரல் வரும்போதெல்லாம் அழுத்தம் விழுந்தால் 3/8 தாளம் மூன்று அடிகளாக அல்லாமல் இரண்டு பாதிகளாகப் பிரிந்து கேட்கும் என்பதையும் கவனியுங்கள் (பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை). இடக்கையில் கிதார் மீட்டலைப் போல் மோதும் சுரக்கொத்துகள் ஹார்ப்சிகார்டில் (கம்பிகளைச் சுண்டி ஒலிக்கும் பழைய கட்டைக் கருவி) கணீரென்று ஒலிப்பவை. பியானோவின் கீழ் ஸ்தாயியில் அவை குழம்பி வலக்கையை மூழ்கடிக்கும். பெடலைத் தொடாமல் அவற்றை அடக்கி வாசியுங்கள். அதன் பின்னும் ஒரே கட்டை மட்டும் சிக்கினால், டியூனரிடம் காட்டுவதே முறை.