படம் ஒன்று சொல்லும், சாட்சி வேறு சொல்வார்: அமெரிக்க வரலாறு, கேள்வி பதில்

பாடநூலை ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் காலத்துக் கடிதம், வழக்குப் பதிவு, வாய்மொழி என்று மூலத்திலிருந்தே அமெரிக்க வரலாற்றைப் படிப்பது எப்படி என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, மகள் நியூஜெர்சியில் எட்டாம் வகுப்பு. பாஸ்டன் படுகொலை பற்றி பால் ரிவியர் செதுக்கிய படத்தைக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். படத்தை நம்பலாமா?

நம்ப வேண்டாம், உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். 1770 மார்ச் 5 இரவு, பனி படிந்த தெருவில், கூட்டமும் பிரிட்டிஷ் சிப்பாய்களும் மோதிக்கொண்டதில் ஐந்து பேர் செத்தார்கள். படத்தில் பனியைக் காணோம். சிப்பாய்கள் அணிவகுப்பு போல நின்று சுடுகிறார்கள். பின்னால் அவர்களின் அதிகாரி கேப்டன் பிரெஸ்டன் வாளை உயர்த்துகிறார். கட்டடத்தில் 'கசாப்புக் கூடம்' என்று பலகை வேறு! சம்பவம் நடந்து மூன்றே வாரத்தில் விற்பனைக்கு வந்த பிரச்சாரப் படம் இது. அதுவும் சொந்தச் சரக்கு இல்லை. மூலப் படத்தை வரைந்த ஹென்றி பெல்ஹாம், தன் உழைப்பைத் திருடிவிட்டதாக ரிவியருக்கே கடிதம் எழுதினார். அந்தக் கடிதமும் கிடைக்கிறது.

அப்புறம் பிரெஸ்டன் மீது நடந்த கொலை வழக்கின் சாட்சியங்களை எடுங்கள். பிரெஸ்டனின் தோளில் கைவைத்து நின்ற ரிச்சர்ட் பால்ம்ஸ், 'சுடு' என்ற சொல் கேட்டது, சொன்னது யார் என்று தெரியவில்லை என்கிறார். பிரெஸ்டன் விடுதலையானார். அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர், பிற்பாடு குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ். படத்தையும் சாட்சியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே கட்டுரை பாதி முடிந்த மாதிரி.

அடிமைகளாக இருந்தவர்கள் தாங்களே சொன்னவை கிடைக்குமா?

நிறைய. ஃபிரெடெரிக் டக்ளஸ் தன் கதையை 1845-இல் தானே எழுதி வெளியிட்டார். அது தவிர, 1936 முதல் 1938 வரை அரசு ஆட்களை அனுப்பி, உயிரோடிருந்த முதியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்தது. 2,300-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள், எல்லாம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் இலவசம்.

ஆனால் கேட்டவர் யார் என்று பார்க்காமல் ஒரு வரி கூடப் படிக்காதீர்கள். தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டனில் சூசன் ஹாம்லின் என்ற பாட்டியிடம் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி போய்ப் பேசினார். உதவித்தொகை அலுவலகத்து ஆள் என்று பாட்டி நினைத்துக்கொண்டார். வந்தவரும் திருத்தவில்லை, அதைத் தன் குறிப்பிலேயே எழுதியும் வைத்திருக்கிறார். எஜமானர் நல்லவர் என்று பாட்டி சொன்னார். அதே பாட்டி அகஸ்டஸ் லாட்சன் என்ற கறுப்பினத்தவரிடம் பேசியபோது சவுக்கடி வருகிறது, கல்யாணம் ஆன மறுநாளே விற்கப்பட்ட பெண் வருகிறாள், தெருவில் நின்று சபித்த அவள் அம்மா வருகிறாள். முதல் பேட்டியில் பாட்டி பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். வறுமைக் காலத்தில், உதவி தருவார்கள் என்று நினைத்தவரிடம் யார்தான் மனம் திறப்பார்கள்?

அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்துப் போட்டார்கள் என்பது சரியா?

இல்லை. பிரிட்டனிடமிருந்து பிரிவதென்று வாக்களித்தது 1776 ஜூலை 2. சந்ததிகள் அந்த நாளைத்தான் கொண்டாடுவார்கள் என்று ஆடம்ஸ் மறுநாளே மனைவிக்கு எழுதினார், பாவம். 4-ஆம் தேதி ஏற்றது பிரகடனத்தின் வாசகத்தை. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2.

உள்நாட்டுப் போர் மாநில உரிமைக்காக நடந்தது என்கிறார் அலுவலக நண்பர். எதைக் காட்டுவது?

அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்கள் அப்போதே எழுதிய காரணங்களைக் காட்டுங்கள். 1861-இல் மிசிசிப்பி, தன் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. தென் கரோலைனாவின் 1860 டிசம்பர் அறிக்கை இன்னும் வேடிக்கை: தப்பியோடிய அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் தரவில்லை என்பதுதான் முறையீடு. அதாவது, அடுத்த மாநிலம் தன் இஷ்டப்படி நடந்துகொண்டதே குற்றம்!

பழைய அச்சில் ஆங்கிலமே புரியவில்லை, சார்…

சார் இல்லை, அக்காதான். சொல்லின் நடுவே எஃப் போலத் தெரிவது பெரும்பாலும் நீட்டி எழுதிய எஸ். அது பிடிபட்டால் போதும், இரண்டே நாளில் கண் பழகிவிடும். கையெழுத்துப் பிரதி என்றால் தட்டச்சு செய்த படியைத் தேடுங்கள். வாஷிங்டன், ஜெஃபர்சன், ஆடம்ஸ் கடிதங்களுக்கு அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது.

ஒரே ஒரு கடிதம் படிக்க நேரம் இருக்கிறது. எது?

1776 மார்ச் 31 அன்று அபிகெய்ல் ஆடம்ஸ் கணவர் ஜானுக்கு எழுதியது. புதுச் சட்டம் எழுதும்போது பெண்களை மறந்துவிடாதீர்கள், கணவர்கள் கையில் வரம்பில்லாத அதிகாரத்தைக் கொடுத்துவிடாதீர்கள் என்கிறார். இன்னும் ஐந்து நிமிடம் இருந்தால் ஏப்ரல் 14 தேதியிட்ட ஜானின் பதிலையும் படியுங்கள். சிரிப்புத்தான் வருகிறது என்று எழுதியிருக்கிறார் மனிதர்.