ரீடைரக்ட் செய்ததும் மாடல் ஏன் காலியாகிறது?

கேள்வி: ஜாவாவுக்குப் புதியவன். ஸ்பிரிங் பூட் (ஜாவா வெப் ஃபிரேம்வொர்க்), தைம்லீஃப் (ஹெச்டிஎம்எல் பக்கத்தை வரையும் கருவி) வைத்து எங்கள் ஊர் நூலகத்துக்கு உறுப்பினர் பதிவு செய்யும் பக்கம் ஒன்றை எழுதி வருகிறேன். ஃபார்மைச் சேமிக்கும் மெத்தடில் "பதிவு முடிந்தது" என்ற செய்தியையும் உறுப்பினரின் விவரத்தையும் மாடலில் போட்டு, விவரப் பக்கத்துக்கு ரீடைரக்ட் செய்கிறேன். அங்கே எதுவும் வருவதில்லை. கன்ட்ரோலரில் ஒரு பிரைவேட் ஃபீல்டு வைத்து அதில் போட்டேன், வந்தது. ஆனால் நண்பரும் நானும் ஒரே நேரத்தில் சோதித்தபோது அவர் பதிந்த பெயர் என் திரையில் வந்துவிட்டது. செஷனில் போட்டால் செய்தி போகவே மாட்டேன் என்கிறது. எதுதான் சரியான வழி?

பதில்: அந்த பிரைவேட் ஃபீல்டை முதலில் எடுத்துவிடுங்கள், மிச்சத்தை அப்புறம் பேசலாம். செய்தி வராமல் போவதும், வந்தது போகாமல் ஒட்டிக்கொண்டு நிற்பதும் எரிச்சல்தான், அவ்வளவுதான். ஒருவர் விவரம் இன்னொருவர் திரையில் வருவது அந்த ரகமில்லை. இன்றைக்கு வந்தது பெயர். நாளைக்கு அதே இடத்தில் கைப்பேசி எண்ணும் வீட்டு முகவரியும் வரும்.

ஏன் அப்படி ஆனது? நாம் எழுதும் கன்ட்ரோலர் கிளாஸுக்கு ஸ்பிரிங் ஒரே ஒரு ஆப்ஜெக்டைத்தான் உருவாக்குகிறது. வேறு ஸ்கோப் வேண்டும் என்று கேட்காதவரை அது சிங்கிள்டன். வருகிற ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும், ஸ்பிரிங் பூட்டுக்குள் ஓடும் வெப் சர்வரான டாம்கேட் ஒரு த்ரெட்டை (தனியாக ஓடும் ஒரு வேலையாளை) ஒதுக்கும். நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் 200 த்ரெட் வரை. அத்தனையும் நுழைவது அந்த ஒரே ஆப்ஜெக்டுக்குள். மெத்தடுக்குள் அறிவிக்கும் மாறிகள் த்ரெட்டுக்குத் தனித்தனி. ஃபீல்டு மட்டும் ஊருக்கெல்லாம் ஒரே கரும்பலகை. நீங்கள் எழுதிவிட்டுத் திரும்பி வந்து படிப்பதற்குள் உங்கள் நண்பர் அழித்து எழுதிவிட்டார்.

தனியாகச் சோதிக்கும்போது இது ஒழுங்காக வேலை செய்வதுதான் வம்பு. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் இதே பிழை மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படவில்லை. கூட்டம் கூடிய ஒரு நாளில் ஒருவருடைய ரசீது இன்னொருவர் பெயரில் அச்சாகி வந்தது. அன்றைக்கு நாங்கள் முதலில் சந்தேகப்பட்டது டேட்டாபேஸை. அதிலேயே பாதி நாள் போனது. கன்ட்ரோலரில் ஃபீல்டாக இருக்க வேண்டியவை சர்வீஸ், ரெபாசிட்டரி போன்றவை மட்டுமே. அவற்றையும் ஃபைனல் என்று அறிவித்துவிட்டால் கை தவறிக்கூட யாரும் மாற்ற முடியாது.

சரி, மாடல் ஏன் காலியானது என்று பார்ப்போம். மாடல் என்பது கன்ட்ரோலரிலிருந்து வியூவுக்குப் பரிமாறப்படும் தட்டு. ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு தட்டு. பக்கம் வரைந்து முடிந்ததும் தட்டு கழுவப்பட்டுவிடும். ரீடைரக்ட் செய்யும்போது சர்வர் எந்தப் பக்கத்தையும் வரைவதே இல்லை. "வேறு முகவரிக்குப் போ" என்று பொருள்படும் 302 என்ற எண்ணும், லொகேஷன் ஹெடரில் ஒரு முகவரியும் மட்டும் பிரவுசருக்குப் போகின்றன. பிரவுசர் அந்த முகவரிக்குப் புத்தம் புதிதாக ஒரு கெட் ரிக்வெஸ்ட் அனுப்புகிறது. தாலுகா அலுவலகத்தில் "ஏழாம் கவுண்டருக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவது போலத்தான். மூன்றாம் கவுண்டரில் அரை மணி நேரம் நீங்கள் சொன்ன கதை ஏழாம் கவுண்டர்காரருக்குத் தெரியாது. ஒன்று, கையில் ஒரு சீட்டு கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால், அலுவலகத்துக்குள்ளேயே உங்கள் பெயரில் ஒரு கோப்பு இருக்க வேண்டும். கையிலிருக்கும் சீட்டு யூஆர்எல். உள்ளே இருக்கும் கோப்பு செஷன். மூன்றாவது வழி என்று ஒன்று இல்லை. பிரவுசர் சீட்டாகச் சுமக்கும் குக்கீகூட முதல் வகைதான்.

அப்படியானால் ரீடைரக்டே வேண்டாம், சேமித்த மெத்தடிலிருந்தே விவரப் பக்கத்தின் பெயரைத் திருப்பிவிடலாமே என்று தோன்றும். செய்யலாம், மாடலும் அப்படியே போய்ச் சேரும். ஆனால் பயனர் எஃப்5 தட்டினால் பிரவுசர் போஸ்ட்டை மறுபடி அனுப்பும். ஒரே ஆள் இரண்டு முறை உறுப்பினராவார். பிரவுசருக்குத் தெரியாமல் சர்வருக்குள்ளேயே இன்னொரு மெத்தடுக்குத் தள்ளிவிடும் ஃபார்வர்டிலும் இதே தொல்லை. கூடவே இன்னொன்று: ஃபார்வர்டு ஆன பிறகும் அது போஸ்ட்டாகவே இருப்பதால், கெட்டுக்கு மட்டும் எழுதிய மெத்தட் 405 (இந்த வகை ரிக்வெஸ்ட்டுக்கு இங்கே அனுமதியில்லை) என்று முகத்தில் அறையும். ஆகவே சேமிப்பு வெற்றி என்றால் ரீடைரக்ட்; நீங்கள் செய்தது சரிதான்.

இப்போது உங்கள் இரண்டு பொருள்களையும் தனித்தனியாகப் பாருங்கள். "பதிவு முடிந்தது" என்ற செய்தியும் உறுப்பினர் விவரமும் ஒரே ஜாதி இல்லை. செய்தி ஒருமுறை கண்ணில் பட்டால் போதும், அதோடு அதன் ஆயுள் முடிந்தது. உறுப்பினர் விவரமோ ஏற்கெனவே டேட்டாபேஸில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. அதை எதற்கு இன்னொரு முறை சுமக்க வேண்டும்? இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோகப் பார்த்ததால்தான் மூன்று வழியும் உங்களுக்குக் கை கொடுக்கவில்லை.

விவரத்துக்கு வழி எளிது. எண்ணை மட்டும் சீட்டில் எழுதி அனுப்புங்கள். மெத்தடின் பாராமீட்டர்களில் ரீடைரக்ட்ஆட்ரிபியூட்ஸ் என்பதைச் சேர்த்து, ஆட்ஆட்ரிபியூட் மூலம் ஐடி என்ற பெயரில் உறுப்பினர் எண்ணைப் போடுங்கள். ரீடைரக்ட் முகவரியில் அந்த இடத்தை நெளி அடைப்புக்குறிக்குள் ஐடி என்று விட்டுவிட்டால் ஸ்பிரிங்கே நிரப்பிக்கொள்ளும். விவரப் பக்கத்தின் கெட் மெத்தட் அந்த எண்ணை முகவரியிலிருந்தே பாத்வேரியபிளாக வாங்கி, டேட்டாபேஸில் எடுத்து, தன் சொந்த மாடலில் போடட்டும். கூடுதலாக ஒரு குவெரி ஓடுகிறதே என்று கவலைப்பட வேண்டாம்; முதன்மைச் சாவியை வைத்து ஒரு வரிசையை எடுப்பது டேட்டாபேஸுக்கு ஒரு வேலையே இல்லை. அந்தப் பக்கத்தை எத்தனை முறை புதுப்பித்தாலும், புக்மார்க் செய்து அடுத்த வாரம் திறந்தாலும் வரும்.

ஸ்ட்ரிங்கைக் கூட்டல் குறி போட்டு ஒட்டி முகவரி தயாரிக்காதீர்கள். எண்ணுக்குப் பரவாயில்லை, பெயரை அப்படி ஒட்டினால் இடைவெளியோ தமிழ் எழுத்தோ வந்த இடத்தில் முகவரி உடையும். ஸ்பிரிங் நிரப்பினால் என்கோடிங்கையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அப்புறம், முகவரியில் 57 என்று இருப்பதை 58 என்று மாற்றிப் பார்க்க யாருக்கும் இரண்டு விநாடி போதும். கேட்பவருக்கு அந்த விவரத்தைப் பார்க்க உரிமை இருக்கிறதா என்று கெட் மெத்தடில் சரிபார்த்தே ஆக வேண்டும்.

செய்திக்கு ஃப்ளாஷ் ஆட்ரிபியூட். 2011 டிசம்பரில் வந்த ஸ்பிரிங் 3.1-இல்தான் இது சேர்ந்தது. அதற்கு முன்பு நாங்களும் உங்களைப் போலவே செஷனில் போட்டு, காட்டிய பிறகு கையால் நீக்கிக்கொண்டிருந்தோம். நீக்க மறந்த பக்கங்கள்தான் அதிகம். இப்போது அதே ரீடைரக்ட்ஆட்ரிபியூட்ஸில் ஆட்ஃப்ளாஷ்ஆட்ரிபியூட் என்று ஒரு வரி எழுதினால் போதும். ஸ்பிரிங் அதைச் செஷனில் ஒதுக்கி வைக்கிறது. ரீடைரக்ட் முகவரிக்கு ரிக்வெஸ்ட் வந்ததும் செஷனிலிருந்து எடுத்துப் புதிய மாடலில் போட்டுவிடுகிறது. தைம்லீஃபில் இதற்கென்று தனி எழுத்துமுறை கிடையாது. சாதாரண மாடல் மதிப்பு போலவே படிக்கலாம். டிஹெச்-இஃப் வைத்து, இருந்தால் மட்டும் காட்டுங்கள். செய்திக்குள் உறுப்பினர் பெயரையும் சேர்ப்பதாக இருந்தால் டிஹெச்-டெக்ஸ்ட் மட்டும் பயன்படுத்துங்கள். டிஹெச்-யூடெக்ஸ்ட் போட்டால், பெயர்ப் பெட்டியில் யாராவது ஸ்கிரிப்ட் எழுதி வைத்தால் அது அப்படியே ஓடும்.

எந்த முகவரிக்கு உரியது என்ற குறிப்பும் ஃப்ளாஷோடு சேர்ந்தே இருக்கும். அதனால் பக்கத்து டேபில் வேறு பக்கம் திறந்தால் அது இதைத் தட்டிப் பறிக்காது. யாரும் வந்து வாங்கிக்கொள்ளாவிட்டால் 180 விநாடியில் காலாவதி.

ஃப்ளாஷ் காணாமல் போகும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, இரட்டை ரீடைரக்ட். நீங்கள் அனுப்பிய முகவரி தானும் இன்னொரு முகவரிக்குத் திருப்பிவிட்டால், செய்தி நடுவழியிலேயே இறங்கிவிடும். ஆகவே கடைசி முகவரிக்கே நேராக அனுப்புங்கள். இன்னொன்று, ரிக்வெஸ்ட்டுகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால் இரண்டு சர்வர் ஓடும்போது. செஷன் முதல் சர்வரில் இருக்க, அடுத்த ரிக்வெஸ்ட் இரண்டாவதற்குப் போனால் அங்கே கோப்பே இல்லை. ஊர் நூலகத்துக்கு இரண்டு சர்வர் வராது என்றாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் பழைய உதாரணங்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வெறும் மாடலில் போட்ட ஸ்ட்ரிங், ரீடைரக்டுக்குப் பிறகு முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு வருவதாகச் சிலர் எழுதியிருப்பார்கள். பழைய ஸ்பிரிங்கில் அப்படித்தான் நடந்தது. ஸ்பிரிங் பூட் அதை அணைத்தே வைத்திருக்கிறது. ஸ்பிரிங் 6 முதல் பூட் இல்லாமலும் அது அணைந்தே இருக்கும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரண்டு நாளில் கேட்கப் போகிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஃபார்மில் பிழை இருந்தால் ரீடைரக்ட் செய்யக் கூடாது; ஃபார்ம் வியூவின் பெயரையே திருப்ப வேண்டும். அப்போதுதான் தட்டச்சு செய்ததும் பிழைச் செய்தியும் அதே மாடலில் இருக்கும். பிழைகளை ஏந்தி வரும் பைண்டிங்ரிசல்ட் பாராமீட்டர், ஃபார்ம் ஆப்ஜெக்டுக்கு அடுத்தபடியாக ஒட்டி வர வேண்டும். நடுவில் வேறெதையாவது நுழைத்தால் பிழை உங்கள் கைக்கு வராது, பயனருக்கு நேராக 400 (தவறான ரிக்வெஸ்ட்) போகும். இதையெல்லாம் சரியாகச் செய்த பிறகும், பிழையோடு திரும்பி வந்த ஃபார்மில் "கிளை" என்ற டிராப்டவுன் காலியாக நிற்கும். பலர் இங்கே ஒரு நாளைத் தொலைத்திருக்கிறார்கள். கிளைப் பட்டியலை மாடலில் போட்டது கெட் மெத்தட். இப்போது ஓடியது போஸ்ட் மெத்தட். ஒன்றின் தட்டு மற்றொன்றுக்கு வராது என்ற பழைய கதைதான். பட்டியலைத் திருப்பும் ஒரு தனி மெத்தட் எழுதி, அதன் தலையில் மாடல்ஆட்ரிபியூட் அனோட்டேஷனைப் போட்டுவிடுங்கள். அந்தக் கன்ட்ரோலரின் எந்த மெத்தட் ஓடுவதற்கு முன்பும் அது ஓடிப் பட்டியலை மாடலில் வைத்துவிடும். அந்த அனோட்டேஷனில் ஒரு பெயரும் கொடுங்கள். இல்லையென்றால் கிளாஸ் பெயரை வைத்து ஸ்பிரிங்கே ஒன்றை உருவாக்கும், அதுவும் உங்கள் வியூவில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகாது.

செஷனை என்ன செய்வது? உள்நுழைந்தவர் யார் என்பது, கடைக்கூடை, மூன்று பக்கம் நீளும் விண்ணப்பம் போன்றவற்றுக்கு அது சரி. பல பக்க விண்ணப்பத்துக்கு செஷன்ஆட்ரிபியூட்ஸ் என்ற அனோட்டேஷனே இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் செஷன்ஸ்டேட்டஸின் செட்கம்ப்ளீட்டை அழைக்க மறந்தால் பழைய விண்ணப்பம் அடுத்த முறையும் எட்டிப் பார்க்கும். இரண்டு டேபில் இரண்டு விண்ணப்பம் திறந்தால் ஒன்றோடொன்று மோதும். உங்களுக்கு இப்போதைக்கு இது எதுவும் தேவையில்லை.

மாற்றி எழுதிய பிறகு சோதிக்கும்போது ஒரே பிரவுசரில் இரண்டு டேப் திறந்து பார்க்காதீர்கள். இரண்டுக்கும் செஷன் ஒன்றுதான். குரோம் ஒன்று, ஃபயர்ஃபாக்ஸ் ஒன்று என்று வைத்துக்கொண்டு, சேமிக்கும் மெத்தடில் பிரேக்பாயின்ட் போட்டு முதல் ஆளை நிறுத்தி வையுங்கள். அந்த த்ரெட் மட்டும் நிற்கும்படி ஐடிஇயில் அமைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எல்லோரும் சேர்ந்து நிற்பார்கள். அந்த இடைவெளியில் இரண்டாவது ஆளைப் பதிவு செய்து முடித்துவிட்டு, முதல் ஆளை விடுங்கள். அவரவர் பெயர் அவரவர் திரையில் வருகிறதா, எஃப்5 தட்டியதும் செய்தி மட்டும் மறைந்து விவரம் நிற்கிறதா என்று பாருங்கள்.