அமெரிக்காவில் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆவது எப்படி?

பெரும்பாலானவர்கள் ஏறும் படிகள் ஒன்றேதான். கல்லூரியில் ஆடுவது, முதுகலை படித்தபடியே அணியில் எடுபிடி வேலை, சில வருடம் உதவிப் பயிற்சியாளர், அப்புறம் ஒரு சின்ன இடத்தில் தலைமைப் பொறுப்பு, அங்கே ஜெயித்துக் காட்டினால் பெரிய பல்கலைக்கழகம் கூப்பிடும். டாரா வான்டர்வீர் இப்படி வந்தவர்தான். ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சம்பளமே இல்லாத உதவியாளராகத் தொடங்கி, தலைமைப் பயிற்சியாளராக 1978-இல் ஐடஹோ பல்கலைக்கழகம், 1980-இல் மறுபடி ஓஹையோ ஸ்டேட், 1985-இல் ஸ்டான்ஃபோர்ட். 2024-இல் ஓய்வு பெற்றபோது கணக்கில் 1,216 வெற்றிகள்.

டான் ஸ்டேலி கதை வேறு. 1996 ஒலிம்பிக்கில் இதே வான்டர்வீர் பயிற்சியில் தங்கம் வென்ற ஆட்டக்காரர். 2000-இல் டெம்பிள் பல்கலைக்கழகம் அவரை நேராகத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. கோடையில் தொழில்முறை லீகில் ஆடிக்கொண்டே குளிர்காலத்தில் பயிற்சி கொடுத்தார். 2008-இல் சவுத் கரோலினா போனதும் முதல் சீசனில் 10 வெற்றி, 18 தோல்வி. அதே அணிதான் பிறகு 2017, 2022, 2024-இல் தேசிய சாம்பியன் பட்டங்களை வென்றது, கடைசியாகச் சொன்ன வருடம் 38 ஆட்டத்தில் ஒரு தோல்விகூட இல்லை.

என்னைக் கேட்டால், இந்த வேலையில் ஆட்ட வியூகத்தைவிடக் கடினம் ஆள் சேர்ப்புதான். பள்ளியில் ஆடும் பெண்ணையும் அவள் குடும்பத்தையும் உங்களை நம்ப வைக்க வேண்டும், அதற்கே வருடக்கணக்கில் ஆகலாம், சேர்ந்தவளும் பிடிக்கவில்லை என்றால் வேறு கல்லூரிக்கு மாறிவிடலாம். உதவிப் பயிற்சியாளராக இருக்கும்போதே இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.